உடலின் மதகுகள்



மும்பை மாநகரம் உறங்குவதே இல்லை என்பார்கள். அது முழு உண்மையன்று. நள்ளிரவு கடந்த பின் மாட்டுங்காவும் செம்பூரும் நன்றாகவே உறங்குகின்றன. அந்நேரத்தில் விழித்திருப்பது தாராவி. அங்கே நம்மவர் வீடுகளில், மாலையில் அரைத்து வைத்த மாவு அண்டாக்களில் பொங்கி நிற்கும், அடுப்புகள் மூட்டப்படும், இட்லிக் கொப்பரைகளில் ஆவி எழும். விடிவதற்குள் இட்லியும் வடையும் சாம்பாரும் அலுமினியப் பாத்திரங்களில் நிறைந்து மிதிவண்டிகளில் ஏறிவிடும். ரப்பர் ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு அவர்கள் வருகிற ஒலியைக் கேட்டுத்தான் இந்நகரத்தின் பல தெருக்கள் கண் விழிக்கின்றன.

செம்பூரில் நம் தெருவுக்கும் அத்தகையவர் ஒருவர் வருகிறார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. நாமும் அச்சீமையில் பிறந்தவர் என்று அறிந்த நாளிலிருந்து நம்மை அவர் ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பார். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர், கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் பயின்றவர் அல்லோம். ஆயினும், ஆங்கிலத்தில் எழுதிய தாள் எதுவாயினும் அது நமக்கு விளங்கும் என்று நம் மக்கள் நம்புகிறார்கள். ஒருநாள் அவர் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை நம்மிடம் நீட்டி, “அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். நீரிழிவு நோய்க்கு ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, உணவுக்கு முன். ‘காலையிலே, சாப்பிடுவதற்கு முன்னாலே’ என்று நாம் படித்துச் சொன்னோம். ஒரு சொல்லும் பிழையில்லை. அவர் தலையசைத்துச் சென்றார்.

பத்து நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு, நம் வாயிலருகே மிதிவண்டி சாயும் ஓசை கேட்டது. இறங்கிச் சென்று பார்த்தோம். அவர் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். உடல் முழுதும் வியர்வை, கைகள் நடுங்கின, கேட்டதற்கு விடை குழறி வந்தது. கூடியவர்களில் ஒருவர், ‘காலையிலேயே குடித்திருக்கிறான்’ என்று முகம் சுளித்தார். நல்வேளையாக மேல்மாடியில் குடியிருக்கும் செவிலித்தாய் ஒருவர் பணிக்குப் புறப்பட்டு வந்தார். ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. ‘சர்க்கரை கொண்டு வாருங்கள்!’ என்றார். விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரை கரைத்த நீரை மெல்லப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் நம் நண்பர் தெளிந்து, ‘என் சாம்பார் கொட்டிவிட்டதா?’ என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அவருக்குக் ‘காலை’ என்பது மூன்று மணி. மூன்று மணிக்கு மாத்திரையை விழுங்கி, சர்க்கரையில்லாத தேநீர் பருகி, வண்டியை மிதித்திருக்கிறார். அவர் சாப்பிடுவதோ வியாபாரம் முடிந்து ஒன்பது மணிக்கு. ‘சாப்பிடுவதற்கு முன்’ என்றோம். ஆறு மணி நேரமும் ‘முன்’தானே!

சர்க்கரை மிகுந்ததுதான் அவருடைய நோய். அவரைக் காப்பாற்றியதும் சர்க்கரையே. இது எவ்வாறு? இக்கேள்வி நம்மை விடவில்லை. பல நாள் நூல்களைப் புரட்டியும் அறிந்தவர்களைக் கேட்டும் நாம் கற்றுக்கொண்டதை இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாம் உண்ணும் சோறு உடலில் ‘எரிகிறது’ என்கிறோம். விறகு எரிவதுபோல் அது ஒரே மூச்சில் எரிந்தால் உடல் தாங்குமா? ஆகவே உடலின் உயிரணுக்கள் அவ்வெரிப்பைப் பற்பல சிறு படிகளாகப் பிரித்து நடத்துகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு தனிப் புரதம் பொறுப்பேற்கிறது. தான் அழியாமல், அப்படியை மட்டும் விரைந்து நடத்தி வைக்கும் அப்புரதத்திற்கு என்சைம் என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் கூனே 1877-இல் அப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் அதற்குப் ‘புளித்த மாவினுள்’ என்று பொருள். தமிழில் நாம் ‘நொதி’ என்கிறோம். நொதித்தலும் புளித்துப் பொங்குதலே. தாராவி வீடுகளில் இரவெல்லாம் அண்டாவுக்குள் நடக்கும் வேலைக்கும் நம் உடலுக்குள் நடக்கும் வேலைக்கும் ஒரே பெயர் வாய்த்திருப்பது பொருத்தமே.

உணவை எரித்துப் பெறும் சக்தியை உடல் அப்படியே செலவிடுவதில்லை. முதலில் அதைச் சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. அச்சில்லறை நாணயம் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருள், சுருக்கமாக ஏ.டி.பி. தசை சுருங்குவதானாலும், மூளை நினைப்பதானாலும் இந்நாணயமே செலவாகிறது. 1929-இல் ஜெர்மனியில் லோமான் என்பவரும், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்கே, சுப்பாராவ் என்னும் இருவரும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். அந்தச் சுப்பாராவ் யார் தெரியுமா? பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்கு வந்தமைக்காகப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானவர். அதனால் முழுப் பட்டமும் கிட்டாமல் போனவர். பிழைப்பையும் படிப்பையும் தேடி ஊரைவிட்டுச் சென்ற அவர் 1948-இல் நியூயார்க்கில் மறைந்தார். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அவர் வாழ்வு அந்நியமானதன்று.

ஏ.டி.பி.யில் ஒரு விந்தை உண்டு. எந்த ஒரு கணத்திலும் நம் உடலில் இருப்பது மிகச் சிறிதளவே. ஆனால் ஒரு நாளில் செலவாகிச் செலவாகிப் புதுப்பிக்கப்படும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடலின் எடைக்கே நிகராகும். கையிருப்பு இல்லாமல், அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவிடும் குடும்பத்தைப் போன்றது உயிரணு. ஆகவே வரவைச் செலவோடு இணைத்து நடத்தும் மேற்பார்வை அதற்கு இன்றியமையாதது.

இம்மேற்பார்வை எங்கே நடக்கிறது? நம் ஊர்க் குளங்களை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் நெடுகிலும் காவல் வைப்பதில்லை. மதகில் ஓர் ஆள் நின்றால் போதும். உடலும் அவ்வாறே எல்லா நொதிகளையும் கட்டுப்படுத்துவதில்லை. திரும்பி வர இயலாத சில படிகளில் மட்டும் மதகு அமைத்திருக்கிறது.

முதல் மதகு, சர்க்கரை உயிரணுவுக்குள் நுழையும் இடம். இரத்தத்தில் ஓடும் சர்க்கரை குளுக்கோஸ். அது உள்ளே வந்தவுடன் ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி, ஏ.டி.பி. ஒன்றைச் செலவிட்டு அதற்கு ஒரு பாஸ்பேட்டைப் பூட்டி வெளியேற முடியாதபடி செய்துவிடுகிறது. பூட்டிய சர்க்கரை உள்ளே குவியுமானால், அக்குவியலே இந்நொதியின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் கல்லீரலிலும் கணையத்திலும் அதன் தமக்கை போன்ற வேறொரு நொதி உண்டு, பெயர் குளுக்கோகைனேஸ். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது அது மந்தமாக இருக்கும். உணவுக்குப் பின் உயரும்போது விரைந்து செயற்படும். கணையத்தில் அது ஓர் அளவுகோலாகவே பணியாற்றுகிறது. சர்க்கரை மிகுந்தால் அந்நொதி விரைய, ஏ.டி.பி. பெருக, அதன் விளைவாகக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை குறைந்தால் சுரப்பு ஓய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நண்பரின் கதைக்கு இது தேவைப்படும்.

இரண்டாவது மதகு, பாஸ்போபிரக்டோகைனேஸ் என்னும் நொதி. சர்க்கரையைப் பிளக்கும் வழியில் தலைமதகு இதுவே. ஏ.டி.பி. நிறைந்திருந்தால் அது மூடிக்கொள்ளும். ஏ.டி.பி. செலவாகி, வெறும் பையாகிய ஏ.எம்.பி. பெருகினால் அது திறந்துகொள்ளும். மிதிவண்டியை மேட்டில் ஏற்றும்போது நம் தசைகளில் இது கணப்பொழுதில் நிகழ்கிறது. எவரும் ஆணையிடுவதில்லை, செலவே ஆணையாகிறது. அலுவலகத்தில் ‘ஒழுங்குமுறை’ என்னும் சொல்லைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்திருக்கிறோம். அச்சொல்லின் முழுப் பொருளை இந்நொதியிடம்தான் கற்றோம் என்றால் மிகையாகாது.

மூன்றாவது மதகு, பைருவேட் டிஹைட்ரோஜினேஸ். முதல் வாய்க்காலின் கடைமடையில் வந்து சேரும் பைருவேட் என்னும் பொருளை, பிராணவாயுவைக் கொண்டு முழுதும் எரிக்கும் பெருஞ்சூளைக்குள் இது அனுப்புகிறது. 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சுழற்சி அச்சூளையில்தான் நடைபெறுகிறது. இந்நொதி தன் வேலையைச் செய்ய தயாமின் என்னும் பி-1 வைட்டமினின் துணை வேண்டும். அது இல்லையேல் மதகு இறுகிவிடும், பைருவேட் தேங்கும், நரம்பும் இதயமும் தளரும். பெரிபெரி என்னும் நோய் அதுதான். அந்நோயை ஆராயவே 1918-இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் அறை ஒன்றில், மெக்காரிசன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. தவிட்டை முற்றிலும் தீட்டி நீக்கிய பச்சரிசியை முதன்மை உணவாகக் கொண்ட இடங்களில் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். மாட்டுங்கா கடைகளில் இட்லிக்கென்று புழுங்கலரிசி தேடி வாங்குகிறோமே, நம் பாட்டிமார் பெயர் அறியாமலே ஒரு நொதிக்குத் துணை தேடிக் கொடுத்திருக்கிறார்கள்.

சூளையின் இறுதிப் பகுதியில் நிற்பது சைட்டோகுரோம் என்னும் நிறமுள்ள புரதங்களின் வரிசை. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் பெரும்பங்கு அங்கேதான் செலவாகிறது, ஏ.டி.பி.யின் பெரும்பங்கு அதன் பயனாகவே விளைகிறது. இவ்வரிசையைப் பற்றிப் பேசும்போது இம்மும்பை நகரம் பெருமைப்பட வேண்டிய ஒருவரை நினைவுகூர வேண்டும். அவர் கமலா பாகவத். பின்னாளில் கமலா சோஹோனி. 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் இயக்குநர் சி. வி. ராமன் மறுத்தார். அவர் விடாமல் வாதாடி, கடும் நிபந்தனைகளோடு இடம் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, சைட்டோகுரோம்-சி தாவர உயிரணுக்களிலும் உண்டு என்று நிறுவி, 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். விலங்கும் செடியும் ஒரே விதமாக மூச்சு விடுகின்றன என்பதற்கு அது வலுவான சான்று. திரும்பி வந்து குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார். 1947-இல் இந்நகரத்திற்கு வந்து விஞ்ஞானக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தார். பருப்புகளையும் அரிசியையும் நாம் பதநீர் என்று வழங்கும் நீராவையும் ஏழை மக்களின் ஊட்டத்திற்காக ஆராய்ந்தார். 1998-இல் மறைந்தார்.

இனி, சேமிப்பைப் பார்ப்போம். உண்டவுடன் மிகும் சர்க்கரையைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்னும் மாவாகக் கட்டி வைக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம். தசைகள் அனைத்திலுமாகச் சுமார் 400 கிராம். இதனைத் திரும்பப் பிரிப்பது பாஸ்பாரிலேஸ் என்னும் நொதி. கோரி தம்பதியர் அதனை ஆராய்ந்து 1947-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்நொதிக்கு ஒரு பாஸ்பேட்டைப் பூட்டினால் விழிக்கிறது, கழற்றினால் உறங்குகிறது என்று பிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களில் காட்டினர். அதற்காக 1992-இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பசி வேளையில் குளுக்ககான் என்னும் சுரப்புநீர் அதனை எழுப்பிவிடுகிறது. இன்சுலின் உறங்க வைக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். தசையின் சேமிப்பு தசைக்கு மட்டுமே. சர்க்கரையின் பூட்டைக் கழற்றி இரத்தத்தில் விடும் நொதி தசையில் இல்லை, கல்லீரலில் உண்டு. எனவே மூளைக்குப் படியளக்கும் பொறுப்பு பெரிதும் கல்லீரலுடையது. உடல் எடையில் 50-இல் ஒரு பங்கே ஆன மூளை, ஓய்வு வேளையில் உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது; நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை அதற்கு வேண்டும். சேமித்த மாவு குறைந்தால், கல்லீரல் புரதத்தின் சிதைவிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் புதுச் சர்க்கரையே ஆக்குகிறது. ஆக்கும் வழிக்கும் எரிக்கும் வழிக்கும் வெவ்வேறு மதகுகள் உள்ளன. ஒன்று திறந்தால் மற்றொன்று மூடும். இல்லையேல் ஒரு கையால் இறைத்து மறு கையால் கொட்டிய கதையாகிவிடும்.

இப்போது நம் நண்பரிடம் திரும்புவோம். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு உண்டவர் அவர். மூன்று மணிக்கு அவர் கணையம் தன் அளவுகோலைப் பார்த்து ஓய்ந்திருக்க வேண்டும். கல்லீரல் மதகு திறந்திருக்க வேண்டும். ஆனால் அவர் விழுங்கிய மாத்திரை, சல்போனைல்யூரியா என்னும் வகையைச் சேர்ந்தது. அது குளுக்கோகைனேஸ் என்னும் காவலனைக் கேளாமல், அவனைத் தாண்டிச் சென்று கணையத்தின் கதவைத் தட்டுகிறது. உணவு வரும் வேளையில் இன்சுலினும் வந்து சேர வேண்டும் என்பதற்காக ஆக்கப்பட்ட மருந்து அது. உணவு வருமா வராதா என்று அதற்குத் தெரியாது. இன்சுலின் பெருகியது. கல்லீரலின் பாஸ்பாரிலேஸ் உறங்கிற்று. புதுச் சர்க்கரை ஆக்கும் வழியும் அடைபட்டது. கொழுப்பைக் கரைத்து மாற்று எரிபொருள் தரும் நொதியும் தடைப்பட்டது. மூன்று மதகும் மூடிய வேளையில், சுமை ஏற்றிய வண்டியை மிதித்த கால்கள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டே இருந்தன. உழைக்கும் தசை இன்சுலினைக் கேளாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எஞ்சியது மூளையின் பங்கு, அதுவும் போயிற்று. குழறிய பேச்சு குடியின் அடையாளமன்று, மூளையின் பசி.

நேயர்களே, இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில உண்டு. மாத்திரை உண்பவர் எவரேனும் இவ்வாறு வியர்த்து, நடுங்கி, உளறினால் முதலில் சர்க்கரைத் தாழ்வோ என்று ஐயுறுங்கள். விழுங்கும் நிலையிலிருந்தால் சர்க்கரையோ பழச்சாறோ கொடுத்து, தெளிந்தபின் உணவும் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இந்நிகழ்ச்சிக்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவது அதனினும் பெருந்தீங்கு. இரவுப் பணி, விடியற்காலைப் பணி செய்வோரும், சஷ்டி, ஏகாதசி என்று நோன்பிருப்போரும் தாம் எப்போது உண்கிறோம், எப்போது உழைக்கிறோம் என்பதை மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். வேற்று மொழி பேசும் ஊரில் நம்மவர் பலர் கூச்சத்தால் சொல்லாமல் விட்டுவிடுவது இதைத்தான்.

நம் நண்பருக்கும் அதுவே நேர்ந்திருந்தது. அன்று நாம் அவருடன் சென்றோம். மருத்துவர் இந்தியில் கேட்டார். நாம் இடையில் நின்று மொழிபெயர்த்தோம். ‘எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?’ இவ்விரு கேள்விகளுக்கும் விடை கிடைத்ததும் மருத்துவர் மருந்தையும் வேளையையும் மாற்றி எழுதினார். சீட்டை வாங்கிய நாம் இம்முறை அதனை வெறுமனே படித்துக் காட்டவில்லை. அவருடைய நாளை அவரையே சொல்லச் சொல்லி, மணிக்கணக்கில், ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ‘இந்த உணவோடு இந்த மாத்திரை, உணவு இல்லையேல் மாத்திரையும் இல்லை, அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்’ என்று மருத்துவர் கூறியதையும் அடியில் குறித்தோம்.

சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தால் மொழிபெயர்ப்பு சரியாகிவிடும் என்று இருபதாண்டுகளாக நம்பியிருந்தோம். கேட்பவருடைய ‘காலை’ எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேளாமல் போனால் சரியான சொல்லும் ஓர் ஆளைக் கீழே தள்ளிவிடும் என்பதை வாயிலருகே கற்றோம். உடலின் நொதிகள் ஒவ்வொரு கணமும் வரவையும் செலவையும் கேட்டறிந்தே மதகைத் திறக்கின்றன. கேளாமல் திறப்பதும் மூடுவதும் நாம்தாம்.

இப்போதும் அவர் நம் தெருவுக்கு வருகிறார். ஊதுகுழல் ஒலித்ததும் இறங்கிச் செல்கிறோம். நாம் இட்லி கேட்பதற்கு முன்னரே, “நான் சாப்பிட்டாச்சு அண்ணாச்சி” என்கிறார். அதைக் கேட்ட பிறகே நாம் பாத்திரத்தை நீட்டுகிறோம்.